பின்தங்கியவன் எங்கே?



இவ்வாரச் சிந்தனையை வாசிக்குமுன் 1 கொரிந்தியர் 8, 9 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் எபிரெயர் 12-ஆம் அதிகாரத்தின் முற்பாதியையும் முழுமையாக வாசித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். முழுமையாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அவற்றில் பந்தயத்தைப் பற்றிய இரண்டொரு வசனங்களை மாத்திரம் பிய்த்தெடுத்துப் பிரசங்கித்து வந்த குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. அதை அறிக்கையிடவும், நம்முடைய சபையில் வேரூன்றிவிட்ட ஒரு வழக்கத்தை எதிர்க்கவும் இதை எழுதுகிறேன்.

பெப்ரவரி இறுதியில் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். அவருடைய மகன் அமெச்சூர் மிதிவண்டிப் பந்தயத்தில் இறங்கப்போகிறார். குளிர்காலம் முழுவதும் வேலை முடிந்து வந்த பிறகு, வீட்டின் பின்னறையில் வண்டியைப் பயிற்சிக் கருவியில் பூட்டி வைத்து மிதித்திருக்கிறார். சனிக்கிழமைகளில் விடியுமுன் புறப்பட்டு நெடுந்தூரம் போய் வந்திருக்கிறார். இவ்வளவுக்கும் பிறகு, தமக்கு வெற்றி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே இல்லையென்று தகப்பனாரிடம் சொல்லிவிட்டாராம். அவருக்கு மனம் பொறுக்கவில்லை. "முதலாவதாக வராதவனுக்குப் பந்தயம் என்னத்திற்கு, பாஸ்டர்? நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். அந்த இளைஞர், தகப்பனார் ஆகிய இருவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுமுன் பந்தயத்தை நேரில் பார்த்துவிடுவோம் என்று, மார்ச் மாதத்தின் முதற் சனிக்கிழமை ஹேய்ஸில் உள்ள ஹில்லிங்டன் சுற்றுப்பாதைக்குப் போனேன். மிதிவண்டிக்காரருக்கென்றே அமைக்கப்பட்ட, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமான தார்ப்பாதை அது. மறைவு இல்லாத வெளி. காற்று நேரே வந்து அடித்தது. பிரித்தானியப் பந்தய ஒழுங்கின்படி புதிதாக வருகிற எவரும் நாலாம் பிரிவில்தான் தொடங்க வேண்டும். 12 புள்ளிகள் சேர்த்தால் மூன்றாம் பிரிவு; அங்கிருந்து 40 சேர்த்தால் இரண்டாம் பிரிவு. முன்னணியில் முடிக்கிற சிலருக்கே புள்ளி உண்டு. மற்றவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர்கள். வண்டி நிறுத்துமிடத்தில் முதுகில் எண்துண்டை ஊக்குகளால் குத்திக்கொண்டு நின்றவர்களில் ஆசிரியர் இருந்தார், மின்பணியாளர் இருந்தார், இரவுப்பணி முடித்து நேராக வந்த மருத்துவமனை ஊழியர் ஒருவரும் இருந்தார்.

பருவத்தின் தொடக்கப் பந்தயங்களுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. குளிர்காலம் முழுவதும் ஒருவன் தனக்குத்தானே சொல்லிவந்த கதை அங்கே எடுபடாது. பயிற்சியில் ஏய்த்தவன் கால்மணி நேரத்தில் வெளிப்பட்டுவிடுவான். ஒழுங்காய்ப் பயிற்சி செய்தவனும் சில வேளைகளில் விழுந்துபோவான். ஏனெனில் தனியறையில் மிதிப்பது வேறு, நாற்பது ஐம்பது பேருக்கு நடுவே தோளோடு தோள் உரசிப் போவது வேறு. ஆகவே அந்த மாதத்துப் பந்தயக்காரர் பலர் தங்கள் உண்மையான நிலையை அறிந்துகொள்ளவே வருகிறார்கள்.

நாற்பது நிமிடமும், அதற்குப் பின் ஐந்து சுற்றும் என்பது அன்றைய கணக்கு. நம்முடைய பிள்ளை இருபதாவது நிமிடத்திற்கு முன்பே கூட்டத்திலிருந்து அறுந்துபோனார். முதலில் ஒரு வண்டி நீளம், பிறகு மூன்று, பிறகு முப்பது. அதற்கப்பால் அவர் தனியே காற்றோடு போராடினார். கூட்டம் ஒரு சுற்று முழுவதும் முன்னேறி வந்து அவரைக் கடந்து போயிற்று. சற்று நேரத்தில் பாதையை விட்டு விலகி வந்து புல்லில் அமர்ந்துகொண்டார்.

ஐம்பது வயதைக் கடந்த ஒரு பந்தயக்காரர் பந்தயம் முடிந்ததும் அவரிடம் வந்தார். பேச்சின் சாரம் இதுதான்: தம்பி, நீ வலுவில்லாமல் விழவில்லை, கூட்டத்தின் வாலில் நின்றதால் விழுந்தாய், வாலில் நிற்பதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

எனக்கு அது விளங்கவில்லை. கூட்டத்துக்குள் இருப்பவருக்குக் காற்றுமறைவு கிடைக்கும் என்பது நான் அறிந்ததே. சமதளத்தில் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருடைய வலுவில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் ப்ளாக்கனும் அவருடைய குழுவினரும் 121 பேர் கொண்ட ஒரு பந்தயக் கூட்டத்தின்மேல் காற்று எப்படிப் படுகிறது என்பதை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். கூட்டத்தின் உள்ளே நன்றாய் மறைந்திருப்பவர்மேல் விழும் காற்றெதிர்ப்பு, தனியே செல்பவர்மேல் விழுவதில் 5 முதல் 10 விழுக்காடு அளவுக்கும் குறைந்துவிடும் என்று கண்டார்கள். அப்படியானால் பின்னால் இருப்பவருக்கு என்ன கஷ்டம்?

வளைவுகள்தான் கஷ்டம் என்று அந்தப் பெரியவர் விளக்கினார். முன்னால் செல்பவர் வளைவில் சிறிதளவே வேகம் குறைக்கிறார். அவருக்குப் பின்னிருப்பவர் சற்று அதிகமாய்க் குறைக்கிறார். அது பெருகிப் பெருகி வால் வரைக்கும் வரும்போது, கடைசியில் இருப்பவர் ஏறக்குறைய பிரேக்கைப் பிடித்து நின்றே விடுகிறார். அந்நேரத்திற்குள் முன்னால் இருப்பவர் வளைவைக் கடந்து மீண்டும் வேகமெடுத்துவிடுகிறார். ஆகவே கடைசியில் இருப்பவர் ஒவ்வொரு வளைவிலும் முழுமூச்சாய்ப் பாய்ந்துதான் கூட்டத்தோடு ஒட்ட வேண்டும். முன்னால் இருப்பவர் சீராக மிதிக்கும் அதே பாதையில் அவர் நூறு முறை பாய்கிறார். வேகம் ஒன்றுதான், செலவு வேறு. முன்னால் இருப்பவருக்கோ இது தெரியவே தெரியாது; அவருடைய கண்கள் முன்னோக்கியே இருக்கின்றன.

பிரியமானவர்களே, வீடு திரும்பும் வழியெல்லாம் நம்முடைய சபையின் கடைசி வரிசையையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

நமக்கு ஒரு சாட்சி வேளை உண்டு. விசா கிடைத்தவர் வருகிறார். மகள் இலக்கணப் பாடசாலைக்குத் தெரிவான தாய் வருகிறார். வீடு வாங்கியவர் வருகிறார். நோய் நீங்கியவர் வருகிறார். நாம் கைதட்டித் துதிக்கிறோம். அவர்கள் நன்றி சொல்வது நியாயமே. கர்த்தர் செய்த நன்மையை மறைத்து வைப்பது நன்றிகேடு. ஆனால் ஆண்டுக்கணக்காக அந்த இடத்தில் வேறெவரும் ஏறி நின்றதில்லை. மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டவர் ஏறவில்லை. பிள்ளை தோல்வியடைந்த வீட்டார் ஏறவில்லை. ஜெபித்தும் நோய் மாறாதவர் ஏறவில்லை. நாம் அவர்களைத் தடுத்தோமா என்று கேட்பீர்கள். ஒருவரையும் தடுக்கவில்லை. முதலாவதாக வராதவனுக்குப் பந்தயம் என்னத்திற்கு என்ற அந்தக் கேள்வியை, பாட்டாகவும் பிரசங்கமாகவும் கைதட்டலாகவும் வாரந்தோறும் அவர்கள் முன்னே வைத்தோம், அது போதுமானதாயிருந்தது.

இந்தப் போதனைக்கு நாம் வேதத்தைச் சாட்சிக்கு அழைக்கிறோம். பந்தயத்தில் பலர் ஓடினாலும் பரிசு ஒருவருக்கே என்று பவுல் எழுதவில்லையா என்கிறோம். எழுதினார். யாருக்கு எழுதினார் என்று பாருங்கள். கொரிந்து பட்டணத்துக்கு அருகே, இஸ்த்மியாவில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரும் விளையாட்டு விழா நடந்தது. பைன் தழையாலோ வாடிய செலரித் தழையாலோ பின்னிய முடியே அங்கே வென்றவருக்குக் கிடைத்த பரிசு. சூடும்போதே வாடத் தொடங்கும் முடி! அழிந்துபோகிற கிரீடம் என்று பவுல் குறிப்பிட்டபோது கொரிந்தியருக்குக் கண்முன்னே தெரிந்தது அதுதான்.

அந்த வசனத்துக்கு முன்னால் இருப்பதையும் வாசியுங்கள். எட்டாம் அதிகாரம் முழுவதும் பலவீனமான சகோதரனைப் பற்றியது. என் உணவு அவனுக்கு இடறலாகுமானால் அதை நான் விட்டுவிடுவேன் என்று பவுல் முடிக்கிறார். ஒன்பதாம் அதிகாரத்தில் தமக்குள்ள உரிமைகளை ஒவ்வொன்றாய் எண்ணி, ஒவ்வொன்றாய் விட்டுக்கொடுக்கிறார். பலவீனரை ஆதாயப்படுத்தும்படி அவர்களுக்குத் தாமும் பலவீனரைப்போலானதாக எழுதுகிறார். அதற்கு இரண்டு வசனங்கள் தள்ளித்தான் பந்தயம் வருகிறது! பின்தங்கியவனுக்காகத் தன் சரீரத்தையும் உரிமையையும் அடக்கியாளும் பயிற்சியைப் பற்றியே பவுல் அங்கே பேசுகிறார். அந்த உவமையைப் பிடுங்கிக்கொண்டு வந்து, முந்திக்கொள்கிறவனை மெச்சுவதற்கு நாம் பயன்படுத்துகிறோம்.

எபிரெயருக்கு எழுதின நிருபமும் இதையே செய்கிறது. பன்னிரண்டாம் அதிகாரம் ஓட்டத்தோடு தொடங்குகிறது; இயேசுவை நோக்கிப் பார்த்துப் பொறுமையாய் ஓடும்படி அழைக்கிறது. பத்துப் பன்னிரண்டு வசனங்கள் போனதும் பேச்சு எங்கே வந்து நிற்கிறது? தளர்ந்த கைகளிடத்தில், தள்ளாடுகிற முழங்கால்களிடத்தில், நொண்டியிடத்தில். நொண்டி வழிதப்பிப் போய்விடாமல் சுகமடையும்படி பாதையைச் செவ்வையாக்குங்கள் என்பதே ஓடுகிறவர்களுக்கு அங்கே கொடுக்கப்படும் கட்டளை. பாதையைச் செவ்வைப்படுத்துகிறவன் தன் வேகத்தை இழப்பான். இழக்கட்டும் என்கிறது வேதம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வெற்றி மாத்திரமே பேசப்படும் இடத்தில் பொய் முளைக்கும். 2015-ஆம் ஆண்டில் சர்வதேச மிதிவண்டிச் சங்கம் நியமித்த சுயாதீன ஆணைக்குழு தன் அறிக்கையில், ஊக்கமருந்துப் பழக்கம் அமெச்சூர் பந்தயங்களுக்குள்ளும் பரவலாய் வேரூன்றி வருகிறது என்று எச்சரித்தது. சம்பளமில்லாத, புகழில்லாத, பெரும் பரிசு எதுவுமில்லாத பந்தயத்துக்கு மருந்து உட்கொள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள்! நேசிப்பவர் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான் அமெச்சூர் என்ற சொல். நேசத்துக்காக வந்தவனையும் பிறர் கண்ணில் சிறுத்துப்போகும் பயம் அந்த இடத்துக்குத் தள்ளிவிடுகிறது.

நம்முடைய சாட்சிகளில் ஊக்கமருந்து இல்லையா? காய்ச்சல் மாறியதை மரணப்படுக்கையிலிருந்து எழுந்ததாகச் சொல்கிறோம். வழக்கறிஞரின் உழைப்பை விட்டுவிட்டு, ஒரே இரவில் நடந்த அற்புதமாகச் சொல்கிறோம். மூன்று ஆண்டுக் கண்ணீரை மூன்று நாள் உபவாசமாகச் சுருக்குகிறோம். கேட்கிறவர்களில் ஒருவர் தம் மூன்று ஆண்டுக் கண்ணீரோடு வீட்டுக்குப் போய், தமக்குத்தான் விசுவாசமில்லை என்று முடிவு கட்டுகிறார். பண்டைய ஒலிம்பியாவில் போட்டியாளர் பத்து மாதம் ஒழுங்காய்ப் பயிற்சி செய்ததாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. ஏமாற்றியவர்களிடம் வாங்கிய தண்டப்பணத்தால் செய்த சிலைகள், ஓட்டக்களத்துக்குப் போகும் வழியில் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன. அஞ்ஞானிகள் என்று நாம் அழைக்கும் மக்கள் பொய்யான வெற்றிக்கு அவ்வளவு அஞ்சினார்கள். நாம் அதற்குக் கைதட்டுகிறோம்.

இவ்விடத்தில் சிலர் எரிக் லிடலை நினைப்பூட்டுவீர்கள். 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் நூறு மீட்டர் ஓட்டத்தை அவர் விட்டுக்கொடுத்தார். கர்த்தர் அவருக்கு நானூறு மீட்டரில் தங்கத்தைக் கொடுத்தார் என்று முடிப்பீர்கள். நானும் பலமுறை அப்படியே முடித்திருக்கிறேன். 1981-இல் வெளிவந்த திரைப்படம் காட்டுவதுபோல் அது கப்பலேறும் நேரத்தில் எடுத்த தீர்மானமல்ல. அட்டவணையை அவர் பல மாதங்களுக்கு முன்பே அறிந்திருந்தார். ஒருவரும் பார்க்காத நாட்களில் நானூறு மீட்டருக்குப் பயிற்சி செய்தார். கதையும் தங்கத்தோடு முடியவில்லை. அவர் மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். ஜப்பானியர் வெய்சியனில் வைத்திருந்த தடுப்பு முகாமில், மூளைக்கட்டியினால், 1945 பெப்ரவரியில் தம் 43-ஆவது வயதில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் முகாம் விடுதலையாயிற்று. கடைசிப் பிள்ளையின் முகத்தை அவர் ஒருநாளும் காணவில்லை.

நம்முடைய சாட்சி மேடையில் இந்த முடிவுக்கு இடம் உண்டா? அந்த முகாமில் பெற்றோரைப் பிரிந்திருந்த பிள்ளைகளோடு அவர் விளையாடினார். அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் பிள்ளைகள் சண்டையிட்டுக்கொண்டபோது, ஞாயிறுக்காக ஒலிம்பிக் ஓட்டத்தையே விட்ட அந்த மனிதர், அவர்களுக்கு நடுவராக நிற்கச் சம்மதித்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவர் ஓடின ஓட்டத்தின் மிக நல்ல பகுதி அதுவே என்று நான் நினைக்கிறேன். அதற்கு எவரும் பதக்கம் கொடுக்கவில்லை.

இனி என் அறிக்கை. நம்மோடு ஆராதித்துவந்த ஒரு சகோதரர் இருந்தார். அவருடைய அகதிக் கோரிக்கை இரண்டாம் முறையும் நிராகரிக்கப்பட்டது. முதலில் நடுவரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போனார். பிறகு கதவருகே நின்று, ஆசீர்வாதத்துக்கு முன் போய்விடுவார். பிறகு வரவில்லை. அவருக்காகப் பலமுறை ஜெபித்தேன். பதினொரு வாரங்கள் கழித்தே தொலைபேசி எடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வருவதற்கு எவ்வளவு பலம் தேவைப்பட்டது என்றும், அந்தப் பலம் ஒருநாள் முடிந்துபோயிற்று என்றும் அமைதியாகச் சொன்னார். அன்று எனக்கு அது புரியவில்லை. ஹேய்ஸில் அந்தப் பெரியவர் வளைவுகளைப் பற்றிப் பேசியபோதுதான் புரிந்தது. நான் முன்னால் சீராக மிதித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு வாரமும் முழுமூச்சாய்ப் பாய்ந்துகொண்டிருந்தார். அவருடைய விசுவாசம் குறைந்துவிட்டது என்று நான் எண்ணினேன். அவர் செலவழித்த விசுவாசம் என்னுடையதைக் காட்டிலும் பெரிது.

பந்தயத்திலிருந்து சபை கற்றுக்கொள்ள வேண்டியவை பல. ஆனால் ஓரிடத்தில் நாம் அதை விட்டுப் பிரிய வேண்டும். பந்தயக் கூட்டம் பின்தங்கியவனுக்காக நிற்காது, அதன் விதி அப்படி, அதில் குற்றமில்லை. தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனுடைய கூட்டத்துக்கு அந்த விதி செல்லாது. எம்மாவு வழியில், எருசலேமுக்குப் புறங்காட்டி நடந்த இருவரோடு உயிர்த்தெழுந்த ஆண்டவர் சேர்ந்து நடந்தார். அவர்கள் நம்பிக்கையிழந்து பேசிய பேச்சை முழுவதும் கேட்ட பிறகே வேதத்தை விளக்கத் தொடங்கினார். அவர்கள் தவறான திசையில் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே மூப்பர்களோடு ஜெபித்துச் சில தீர்மானங்களுக்கு வந்திருக்கிறோம். அடுத்த ஞாயிறு முதல் சாட்சி வேளையில், ஜெபித்தும் இன்னும் பதில் காணாதவர்களுக்கே முதல் இடம். பேச விரும்பாதவர் வந்து நின்றாலே போதும். நாம் அவரோடு நிற்போம். மூப்பர்கள் இனி முன்வரிசையில் உட்காரமாட்டார்கள்; கதவருகே உள்ள கடைசி இரு வரிசைகளில் உட்காருவார்கள். இரண்டு ஞாயிறு காணப்படாதவரை அந்த வாரத்திலேயே ஒருவர் வீடு தேடிப் போவார். ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு அல்ல, சேர்ந்து தேநீர் குடிப்பதற்கு. இதில் எது தவறினாலும் என்னைக் கேளுங்கள்.

அந்த இளைஞர் இரண்டு வாரங்களுக்குப் பின் மறுபடியும் ஹேய்ஸுக்குப் போனார். இம்முறை கூட்டத்தின் நடுப்பகுதியில் இடம்பிடித்துக்கொள்ள முயன்றார். முடிவுக்கு ஆறு சுற்றுகள் இருக்கையில் மீண்டும் அறுந்துபோனார். புள்ளி ஒன்றும் கிடைக்கவில்லை. தகப்பனார் பாதையோரத்தில் தேநீர்ப் போத்தலோடு நின்றுகொண்டிருந்தார். எத்தனையாவதாக வந்தாய் என்று அவர் கேட்கவில்லையாம். குளிருகிறதா என்றுதான் கேட்டாராம்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, முன்னால் போகிறவர்களாகிய எங்களுக்குத் திரும்பிப் பார்க்கும் கண்களைத் தாரும். பின்னால் பாய்ந்து பாய்ந்து களைத்துப்போனவர்களை நீரே உம்முடைய மறைவில் வைத்துக்கொள்ளும். எங்கள் வாயின் சாட்சியை உண்மையுள்ளதாக்கும். நாங்கள் தேடாமல் விட்டவர்களைத் தேடிப்போகும் பலத்தை இந்த வாரமே எங்களுக்குக் கட்டளையிடும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் போதகர்